மேடைக்குப் பின்னால் ஓடும் பெட்டி

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரிச் செயலர் அவர்களே, முதல்வர் அவர்களே, துறைத்தலைவர்களே, எதிரே திரண்டிருக்கும் ஆசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, நாகூரிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கும் மர்யம் அம்மா அவர்களே, எல்லோருக்கும் மேலாக, முதல் வரிசையில் தன் மகளின் படத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாமல் தரையையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்சம் அம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கிழவனின் வணக்கம்.

என் பெயர் பஞ்சநதம். இதே கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். முனைவர் பூவிழி அரசப்பன் அவர்கள் நுண்ணுயிரியல் துறையில் காலடி வைத்த நாளிலிருந்து, சென்ற மாதம் மருத்துவமனைக் கட்டிலில் கண்மூடிய நாள்வரை, அவருக்கு நண்பனாகவும் சண்டைக்காரனாகவும் இருந்தவன்.

பேசத் தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து மைக்கில் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பலர் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். அது மைக்செட் தம்பியின் குற்றமில்லை, அவரைத் திட்டாதீர்கள். அது என்ன சத்தம் என்று முடிக்கும்போது சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். பூவிழி நம்மையெல்லாம் எவ்வளவோ காலம் பொறுத்துக்கொண்டார்.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் அழகாகப் பேசினார்கள். ஆய்வுலகின் தாரகை என்றார் ஒருவர். கல்லூரியின் கண்மணி என்றார் இன்னொருவர். இதோ எனக்குப் பின்னால் சுவரை மறைத்துத் தொங்கும் பேனரில், ‘கருவாட்டில் மருந்து கண்ட மாமேதை’ என்று போட்டிருக்கிறது. அடடா! உயிரோடு இருந்தபோது அவருக்கு நாம் வைத்திருந்த பெயர் என்ன? யாராவது சொல்லுங்களேன்! ஏன் எல்லோரும் மேலே ஃபேனைப் பார்க்கிறீர்கள்? கருவாட்டு டீச்சர்! ஆசிரியர் அறையிலும் அதுதான் பெயர், கேன்டீனிலும் அதுதான் பெயர். அந்தப் பெயரில் பாதியை எடுத்து, பக்கத்தில் மாமேதை என்று ஒட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

அவர் என்ன செய்தார் என்பதை முதலில் ஒழுங்காகச் சொல்கிறேன். புகழ்ந்தவர்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

நாகூரில் மர்யம் அம்மா வீட்டில் மீனை ஊறவைப்பார்கள். மீனை அலசி, உப்பும் புளியும் சேர்த்து, மண்பானையில் அடுக்கி, வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். மாதக்கணக்கில் ஊறும். மீன் தீர்ந்தாலும் பானையைக் கழுவ மாட்டார்கள். அடியில் கிடக்கும் பழைய தண்ணீரின் மேலேயே புது மீனைப் போடுவார்கள், நம் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுவதுபோல. அந்தப் பழைய தண்ணீரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கின்றன. தயிரில் இருப்பவற்றுக்கு அவை பங்காளிகள். தின்றவனுக்குத் தீங்கு செய்யாதவை. தங்கள் பானைக்குள் வேறு கெட்ட கிருமியை அண்டவும் விடாதவை. எதைச் சுரந்து அவை அந்தக் கிருமிகளை விரட்டுகின்றன? இதுதான் பூவிழியின் கேள்வி. இந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் தம் வாழ்நாளைக் கொடுத்தார்.

முதல்முறை அந்த வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். நான் திருவையாற்றுக்காரன், மீன் வாசத்துக்கே பழகாதவன், வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே மர்யம் அம்மாவின் குரல் கேட்டது. “என்ன புள்ள நீ, ஊறுன தண்ணியப் பார்க்கவா தஞ்சாவூர்லேந்து வந்தே? படிச்ச புள்ளைக்கு வேற வேல இல்லையா?” பூவிழி சிரித்துக்கொண்டே, “இதாங்கம்மா வேலை. ஒரு கரண்டி குடுங்க, போதும்” என்றார். ஒரு கரண்டி வாங்கப் போனவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார். நான் வாசலில் பசியோடு நின்றதை இருவரும் மறந்தே போனார்கள்.

அந்த ஒரு கரண்டித் தண்ணீரிலிருந்து அவர் பிரித்தெடுத்த பாக்டீரியாக்களில் ஒன்றுக்கு ‘நாகூர்க்காரி’ என்று பெயர் வைத்தார். நோய்க்கிருமியை ஆய்வகக் கண்ணாடித் தட்டு முழுதும் பரப்பி, நடுவில் நாகூர்க்காரியை ஒரு பொட்டு வைத்தால், அதைச் சுற்றி ஒரு வட்டம் தெளிந்து நிற்கும். அந்த வட்டத்துக்குள் கிருமி வளராது. மற்றப் பாக்டீரியாக்களுக்கும் வட்டம் விழுந்தது. ஆனால் நாகூர்க்காரியின் வட்டம் தட்டையே விழுங்கப் பார்த்தது. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள்கூட அதன் பக்கத்தில் தலைதூக்கவில்லை. அன்று அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி என் அறைக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்க, “சார், பாருங்க சார், என்னா திமிரு பாருங்க இவளுக்கு!” என்றார். அவர் முகத்தில் அத்தனை மகிழ்ச்சியை அதன்பின் நான் பார்க்கவில்லை.

அதைக் கொண்டு என்ன செய்ய நினைத்தார்? மனிதருக்கு மருந்து என்று அவர் ஒருநாளும் பேசியதில்லை. கடலோரத்து இறால் குட்டைகளில், நோய் வந்துவிடுமோ என்று தீவனத்தோடு ஆன்டிபயாடிக்கைக் கலந்து கொட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அதற்குப் பதில் இந்தப் பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். கிருமிகளுக்குத் தினமும் மருந்தை ஊட்டி நாமே அவற்றைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம் என்று கத்தினார். குட்டைக்காரர்கள் மட்டுமா? தும்மினால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி, பாதியைத் தின்றுவிட்டு மீதியை மேசை டிராயரில் போடுகிற நாமும்தான்! இந்த மேடையில் எத்தனை பேர் டிராயரில் இப்போது கிடக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை.

இந்தப் பெண்ணுக்கு இந்தக் கல்லூரி என்ன செய்தது? முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டது. நுண்ணுயிரியல் துறையின் நடைபாதையில் கருவாட்டு வாசம் வருகிறது என்று புகார். யாகத்துக்குப் புகை போட்டால் வராத தலைவலி, ஒரு மூடிய பானைக்கு வந்துவிட்டது! ஒரு பேராசிரியர் நேரிலேயே சொன்னார், “உங்க வீட்டு வழக்கத்தையெல்லாம் டிபார்ட்மென்ட்டுக்குக் கொண்டு வராதீங்க மேடம்.” உங்க வீட்டு வழக்கம்! அந்தச் சொல்லுக்குள் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியும், பூவிழிக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும். அடுத்தவர் வயலில் நாற்று நட்ட அம்சம் அம்மாவின் மகள், வரப்போரம் அண்டை வெட்டிய அரசப்பன் அவர்களின் மகள் என்பதுதான் அதற்குள் இருந்தது. அம்சம் அம்மா அப்போது என்னிடம் சொன்னார், “கையில சேத்து வாசம் போவட்டும்னுதான் சார் இவள படிக்க வெச்சோம். இவ கருவாட்டு வாசத்தத் தேடிப் போயிட்டா.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெருமையும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது.

புகாரின் முடிவு என்ன? பூவிழியின் ஆய்வகத்தை அந்தக் கட்டடத்தை விட்டே வெளியேற்றினார்கள். எங்கே? இதோ, இந்த அரங்க மேடைக்குப் பின்னால், நாடகத்துக்கு வேஷம் கட்டும் அறைக்கு! ஜன்னல் இல்லாத அந்த அறையில், தம் பாக்டீரியாக்களை உறையவைத்துக் காக்கும் டீப் ஃப்ரீசர் பெட்டியோடு குடியேறினார். கூடவே போனவர் ஆய்வக உதவியாளர் நெடுமாறன். அந்தப் பெட்டிக்குள்தான் எல்லாமும் இருந்தது. குளிர் குறையாதவரை உயிர், குறைந்தால் சாவு.

இனி நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. சொல்லாமல் இறங்கினால் எனக்கே என்னைப் பிடிக்காது.

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆயுத பூஜை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கருவிகளையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு, ஒருநாள் ஓய்வு கொடுப்போம். அந்த வருடம் பூஜைக் குழு வெகு சிரத்தையாக வேலை பார்த்தது. எந்தக் கருவியும் ஓடக் கூடாது, எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிடு என்று உத்தரவு. பூவிழி அன்று அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போயிருந்தார். நெடுமாறன் பெட்டியைத் துடைத்தார், மாலை போட்டார், கதவில் பெரிதாகச் சந்தனப் பொட்டு வைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சுவிட்சை அணைத்தார். பூஜையோடு வார விடுமுறையும் சேர்ந்துகொண்டது. தஞ்சாவூர் வெக்கையில் அத்தனையும் உருகியது. கல்லூரி திறந்ததும் நல்ல நேரம் பார்த்துச் சுவிட்சைப் போட்டார்கள், மறுபடி உறைந்தது. வெளியே பார்த்தால் ஒரு குறையுமில்லை. பொட்டு வைத்த பெட்டி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

பூவிழிக்குத் தெரிந்தது சில வாரங்கள் கழித்துத்தான். நாகூர்க்காரியை எடுத்துத் தட்டில் தீற்றினார், முளைக்கவில்லை. மறுபடி தீற்றினார், முளைக்கவில்லை. மற்றவற்றில் பாதி பிழைத்திருந்தது. அவள் மட்டும் இல்லை. நெடுமாறன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். “சாமி கும்புட்டுத்தானே மேடம் அணைச்சேன், சாமி கும்புட்டுத்தானே அணைச்சேன்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். விசாரணை வைத்து அவரை வேலையை விட்டு எடுக்கப் பார்த்தார்கள். உத்தரவு போட்ட பூஜைக் குழுவை யாரும் விசாரிக்கவில்லை! பூவிழிதான் குறுக்கே நின்று காப்பாற்றினார். அதற்குப் பின் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நெடுமாறன் தன் வீட்டில் சாமி கும்பிடுவதில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

போனது போகட்டும், பானை இருக்கிறதே என்று பூவிழி நாகூருக்கு ஓடினார். வருவதாக முதல்நாளே போன் செய்துவிட்டார். அங்கேதான் இன்னொரு இடி. மர்யம் அம்மா வாசலிலேயே நின்று, முகமெல்லாம் பூரிப்பாக வரவேற்றார். “வா புள்ள வா! நீ வர்றேன்னு சொன்னியா, டாக்டர் பட்டம் வாங்குன புள்ள வர்றப்போ அழுக்குப் பானைய வெச்சிருக்கலாமா? சுண்ணாம்பு போட்டுத் தேச்சு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்திக் கழுவி, வெயில்ல கவுத்திருக்கேன், பாரு, எப்படி பளபளன்னு இருக்கு!” பூவிழி அந்தப் பளபளத்த பானையைப் பார்த்தார். “நல்லாருக்கும்மா” என்று சொல்லிவிட்டு, போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தார். திரும்பும்போது பஸ்ஸில் கீவளூர் தாண்டும்வரை அழுதார் என்று அவரே பிறகு என்னிடம் சொன்னார். மர்யம் அம்மா, நீங்கள் இப்போது அழாதீர்கள். உங்கள் மேல் அவருக்கு ஒரு துளிகூட வருத்தமில்லை.

அன்பர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்! நாகூர்க்காரியைக் கொன்றவர் யார்? பகைவர் யாராவது வந்தார்களா? திருடன் வந்தானா? பெட்டிக்குள் இருந்தவளைப் பூஜை செய்து கொன்றோம். பானைக்குள் இருந்தவளை உபசாரம் செய்து கொன்றோம். இரண்டு இடத்திலும் மரியாதைதான் செய்தோம்! என்ன என்று கேட்காமல் செய்தோம். அதனால்தான் எனக்கு இப்போதெல்லாம் யாராவது மாலையோடு வந்தால் பயமாக இருக்கிறது.

பூவிழி விட்டுவிடவில்லை. நாகூரிலும் வேதாரண்யத்திலும் வீடு வீடாகப் போனார். அனுராதா என்ற ஆய்வு மாணவியைச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெட்டியை மறுபடி நிரப்பினார். நல்ல பாக்டீரியாக்கள் கிடைத்தன. நாகூர்க்காரி அளவுக்கு ஒன்றும் இல்லை. அதற்குள் காலம் முடிந்துபோனது.

ஸ்கூட்டியில் சறுக்கி விழுந்தார். காலில் ஒரு காயம், அவ்வளவுதான். சர்க்கரை உள்ள உடம்பு, புண் ஆறவில்லை. பிறகு காய்ச்சல், மருத்துவமனை. நான் பார்க்கப் போன அன்று, புண்ணில் என்ன கிருமி என்று பரிசோதனை முடிவு வந்திருந்தது. படிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார். எந்த மருந்துக்கும் கேட்காத கிருமி என்று வரிசையாகப் போட்டிருந்தது. படித்துவிட்டு என்னைப் பார்த்து, “தெரிஞ்சவன்தான் சார். தட்டுல வெச்சு எவ்வளவு வளர்த்திருக்கேன் இவன!” என்றார். சிரித்தார் ஐயா, சிரித்தார்! எனக்குத் தாங்கவில்லை. “நாகூர்க்காரி இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தேன்.

காய்ச்சலிலும் கோபம் வந்துவிட்டது. “நீங்களுமா சார் இப்படிப் பேசுறது? தட்டுல வட்டம் விழுந்தா உடம்புல விழுந்துடுமா? அடுப்புச் சாம்பலப் போட்டாக்கூடத் தட்டுல கிருமி சாகும். அவ என்னைக் காப்பாத்தியிருக்க மாட்டா.” மூச்சு வாங்கியது. “ஆனா, அவ எதச் சுரந்தா, எப்படிக் கொன்னா, மனுஷனுக்கு ஆகுமா ஆகாதா? தெரிஞ்சுக்கிட்டிருக்கலாம் சார். ஆகாதுன்னாவது தெரிஞ்சிருக்கும். இப்ப அதுகூட இல்லாம போயிட்டா. அதுதான் சார் வயிறு எரியுது.”

பேனர் எழுதியவர்களே, கேட்டீர்களா? கருவாட்டில் அவர் மருந்து காணவில்லை! காண நாம் விடவில்லை. செத்தவர் வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியத்தில் பொய்யை எழுதி அவர் படத்துக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறீர்கள். அவர் சார்பாக நான் மறுக்கிறேன்.

கடைசியாக அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டைப் பற்றி இல்லை, பட்டம் பதவி பற்றி இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “பெட்டிய அணைக்க விட்றாதீங்க சார்” என்றார்.

சற்று முன் செயலர் அவர்கள் ஓர் அறிவிப்பு செய்தார்கள். மறைந்த பேராசிரியரின் நினைவைப் போற்றும் விதமாக, அவர் பணியாற்றிய அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, குளிர்சாதனம் பொருத்தி, ‘முனைவர் பூவிழி நினைவு ஸ்மார்ட் வகுப்பறை’ ஆக்கப்போகிறார்களாம். ஆயுத பூஜையன்று திறப்பு விழாவாம். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நான் பார்த்தேன், அம்சம் அம்மாவும் என்னவென்று புரியாமல் சேர்ந்து தட்டினார். அந்த அறையில் இருக்கும் பெட்டி எங்கே போகும் என்று ஒருவராவது கேட்டீர்களா? அதே ஆயுத பூஜை! மறுபடியும் ஒரு மரியாதை! செயலர் அவர்களே, கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. என் ஓய்வூதியம் உங்கள் கையில் இல்லை.

இப்போது அந்த இரைச்சலுக்கு வருகிறேன். இந்தப் பேனருக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. அதுதான் அவருடைய ஆய்வகக் கதவு. அவருடைய படத்தை வைத்தே அவருடைய கதவை மறைத்துவிட்டோம். மைக்கில் இரைவது உள்ளே ஓடும் அந்தப் பெட்டி. கூட்டம் தொடங்கும் முன் விழாக்குழு இளைஞர் ஒருவர் ஓடிவந்து, “சார், உள்ள ஏதோ பழைய பெட்டி ஓடுது, மைக்ல இரையுது. மேடத்தோட கூட்டம் நல்லபடியா நடக்கணும், கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிக்கவா?” என்று கேட்டார். நல்ல பிள்ளை, நல்லெண்ணத்தில்தான் கேட்டார். நல்ல வேளை, கேட்டார்! நெடுமாறன் இந்தக் கூட்டத்தில் ஏன் இல்லை என்று தேடினீர்களே, அவர் உள்ளே அந்தச் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்.

இரங்கல் கூட்டத்தில் உறுதி எடுக்க வேண்டும் என்பார்கள். நான் என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெட்டியில் இருப்பவற்றில் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு படி எடுத்து வெளியூர் ஆய்வகம் ஒன்றில் வைக்க, அனுராதாவோடு நாளையிலிருந்து வேலை தொடங்குகிறேன். அது முடியும்வரை இந்த அறையை யாரும் காலி செய்ய முடியாது. வெள்ளையடிக்க வருகிறவர்கள் முதலில் என்னைத் தூக்கி வெளியே வைக்க வேண்டியிருக்கும். நான் கொஞ்சம் கனம்.

இன்னொன்று. இன்று வாசலில் மர்யம் அம்மா என் காதோடு ஒன்று சொன்னார். சபையில் சொல்லலாமா என்று கேட்டேன், சொல்லுங்க என்றார். “அன்னிக்கு அது ஒண்ணும் சொல்லாமத்தான் போச்சு. அப்புறம் எம்மருமக போன்ல கேட்டு, அது அந்தப் பழைய தண்ணிக்குத்தான் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா. அதுலேந்து அந்தப் பானைய நான் கழுவவே இல்ல சார். திரும்ப ஊறவெச்சு, ஊறவெச்சு, அந்தத் தண்ணி மேலயே போட்டுக்கிட்டு வர்றேன். பூவிழி வந்து பார்க்கும்னு இருந்தேன்.” அனுராதா, அடுத்த வாரம் நாகூர் போகிறாய். போன் செய்துவிட்டுப் போகாதே, சொல்லாமல் போ.

இனி மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மின்விசிறிகளை நிறுத்துங்கள். மைக்கையும் நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறேன். தம்பி, அந்தப் பேனரின் கயிற்றை அவிழ்த்துவிடு, கதவு தெரியட்டும். இந்த ஒரு நிமிடம் நமக்குக் கேட்கப்போவது அந்தப் பெட்டியின் சத்தம் மட்டும்தான். காது கொடுத்துக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். என்றாவது ஒருநாள் இந்தப் பக்கம் வரும்போது அது கேட்கவில்லை என்றால், உள்ளே ஓடிப்போய்ப் பாருங்கள். ஓட மனம் வராவிட்டால், சுவரில் மாட்டப்போகும் அவருடைய படத்தைக் கழற்றி அம்சம் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.